மருதையன் நிற்கும் ஷாட்

சூர்யபிரகாஷ் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவனுடைய கோளாறு வேறு. தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் அப்படியே வளர்ந்துவிட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, சொல்லாமல் விடவும் மனசு கேட்கவில்லை.

திருவிடைமருதூருக்குத் தெற்கே இரண்டு வேலி, பதிமூன்று ஏக்கர் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. மெக்கானிக்கல் படித்து, அரியர்களை ஒவ்வொன்றாக முடித்து, கோயம்புத்தூரில் ஒரு வால்வு கம்பெனியில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, வெறுத்துப்போய் ஊர் வந்து சேர்ந்தான். பிறகுதான் தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரி சாலையில், ஒரு செல்போன் கடை மாடியில் நடந்த அந்தப் பயிற்சியில் சேர்ந்தான். வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஆட்டம் நின்று, கையை எடுத்துவிட்டுப் பார்க்கும்படி சினிமா மாதிரி ஒரு சின்னக் காட்சி வரும். கட்சீன் என்பார்கள். அதை உருவாக்கக் கற்றுத்தரும் எட்டு மாதப் படிப்பு.

"ஆட்டம் நிக்கிற நேரத்துல வர்றதுக்கு எட்டு மாசம் படிக்கணுமா?" என்று அப்பா மதிவாணன் கேட்டார். கேட்டாரே தவிரத் தடுக்கவில்லை.

படிப்பு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. சொல்லிக்கொடுத்தவர் ஜெக்கரியா. பெங்களூரில் பதினான்கு வருஷம் கேம் கம்பெனிகளில் உட்கார்ந்து, முதுகுவலியோடு தஞ்சாவூர் திரும்பியவர். கேமராவை எங்கே வைப்பது, எப்போது நகர்த்துவது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும், ஒரு பொம்மை மனிதன் எடையோடு நடப்பதற்கு இடுப்பை எவ்வளவு இறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் ஆள் அசையாமல் நின்றால் செத்தவன் மாதிரி தெரிவான். கைக்கு ஏதாவது வேலை கொடு. தலையைச் சொறியட்டும், சட்டைக் காலரை இழுக்கட்டும், கை மட்டும் சும்மா இருக்கக் கூடாது.

அந்த வகுப்பில்தான் செம்மொழியும் இருந்தாள். திருவிடைமருதூருக்கு வடக்கே, ஆற்றோரத்து ஊர். பிஎஸ்சி கம்ப்யூட்டர் படித்தவள். இரண்டு பேரும் காலையில் ஒரே பாசஞ்சரில் ஏறுவார்கள். வெளிச்சம் அமைப்பதில் அவளை அடிக்க வகுப்பில் ஆள் இல்லை. அவள் சாயங்காலம் என்று வைத்தால் அது சாயங்காலமாகவே இருக்கும். அனிமேஷனும் கேமராவும் சூர்யபிரகாஷுக்குக் கைவந்தது. இறுதித் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு நிமிஷக் காட்சி செய்ய வேண்டும் என்றதும் இவர்கள் சேர்ந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவளை அவன் இரண்டாம் வாரத்திலேயே நீ, வா, போ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவள் கடைசிவரை 'நீங்க'விலிருந்து இறங்கவில்லை. அதை அவன் கூச்சம் என்று எடுத்துக்கொண்டான்.

காட்சிக்கான கதையை அவள்தான் கொண்டுவந்தாள். கும்பகோணம் தாண்டி ரயில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தபோது சொன்னாள்.

அவளுடைய அப்பா மருதையன் அடுத்தவர் வயலில் இருபது வருஷம் கூலிக்கு உழைத்து, மூன்று மா, ஒரு ஏக்கர் நிலம் வாங்கியவர். அந்த ஊரில் அவர்கள் தெருவிலிருந்து பட்டா வாங்கிய முதல் ஆள். வாங்கிய வருஷம் பார்த்து ஆற்றில் தண்ணீர் குறைந்துபோனது. வாய்க்காலில் முறை வைத்தார்கள். ஆளுக்கு இன்ன கிழமை, இன்ன நேரம் என்று. மருதையனின் முறை அன்று, பெரிய வீட்டுக்காரர் தன் நாற்றங்கால் காய்கிறது, முதலில் எனக்கு விடு என்று வந்து நின்றார். மருதையன் மண்வெட்டியை மடைமேல் ஊன்றிக்கொண்டு நின்றார். ஒன்பது வயது செம்மொழி சோற்றுத் தூக்குடன் வரப்பில் இருந்தாள்.

"'இன்னிக்கு என் முறைங்க. நாளைக்குச் சாயங்காலம் உங்களுது.' அவ்வளவுதான் சொன்னாரு," என்றாள் செம்மொழி. "சத்தமெல்லாம் போடல. பெரிய வீட்டுக்காரரு பாத்துட்டே நின்னாரு, அப்புறம் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு எங்கப்பா நின்ன மாதிரி நான் யாரும் நின்னு பாத்ததில்ல."

மருதையன் இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. நெஞ்சுவலி. இருப்பது ஆதார் அட்டையில் உள்ள முகமும், அவள் பட்டம் வாங்கிய அன்று எடுத்த ஒரு போட்டோவும்தான். அந்தப் போட்டோவிலும் கண்ணை மூடியிருப்பார்.

"நான் இந்தப் படிப்புக்கு வந்ததே இதுக்குத்தான்னு வச்சுக்கங்களேன்," என்றாள். "அவரு நின்னத நாலு பேரு பாக்கணும். மத்தது எப்படி வந்தாலும் பரவால்ல, சூர்யா. அப்பா வர்ற அந்த ஷாட்ட மட்டும் எனக்குக் காட்டாம அனுப்பிடாதீங்க."

"சத்தியமா அனுப்ப மாட்டேன்," என்றான் அவன்.

இரண்டு மாதம் பேய் மாதிரி உழைத்தார்கள். அவள் வாய்க்காலையும் மடையையும் காய்ந்த நாற்றங்காலையும் கட்டினாள். மருதையனின் முகத்தை அந்தப் போட்டோவிலிருந்து எடுத்துக் கண்ணைத் திறந்துவைத்தாள். அதைத் திறந்துவைத்த அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அசைவுக்கு மாதிரி வேண்டுமே என்று, தானே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியுடன் தங்கள் வயல் வரப்பில் அப்பா மாதிரி நின்று, அம்மாவை விட்டுப் போனில் படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். நாற்பது விநாடி வீடியோ. அவன் பத்து விநாடி பார்த்தான். பெண்பிள்ளை உடம்பு, எடை விழுவது வேறு மாதிரி இருக்கும், இது உதவாது என்று முடிவுகட்டிவிட்டு, தன் வீட்டுக் களத்தில் துண்டு போட்டுக்கொண்டு தானே நடித்துப் படமெடுத்தான். நல்லா வந்திருக்கு என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டான்.

ஒப்படைக்க ஐந்து நாள் இருக்கும்போது செம்மொழியின் அம்மா பொன்னுத்தாய்க்குக் கண்ணில் புரை ஆபரேஷன். அவள் கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதாகிவிட்டது. எஞ்சியிருந்தது மருதையன் நிற்கும் ஷாட் மட்டும்தான். பெரிய வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். மருதையன் நிமிர்கிறார். பேசுகிறார். பேசுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் ஆள் செத்துப்போனவர் மாதிரி இருந்தார். எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. மூச்சு ஏறி இறங்க வைத்துப் பார்த்தான், கண்ணிமைக்க வைத்துப் பார்த்தான், ஒன்றும் எடுபடவில்லை. கைக்கு வேலை கொடு என்றது ஜெக்கரியாவின் குரல். தான் நடித்த வீடியோவை ஓட்டினான். அதில் அந்த இடத்தில் அவனுடைய கை தானாகத் தோளுக்குப் போய், துண்டை எடுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தது. படமெடுக்கும்போது யோசித்துச் செய்ததில்லை. வரப்பில் ஒரு விவசாயி, எதிரே ஊர்ப் பெரிய மனிதர் என்றதும் கை அப்படித்தான் போயிற்று.

வைத்துப் பார்த்தான். ஷாட் உயிர் பெற்றுவிட்டது. துண்டு தோளிலிருந்து இறங்கும் இரண்டு விநாடியில் ஒரு ஆயுள் முழுக்கத் தெரிகிறது என்று அவனுக்கே புல்லரித்தது. அவளுக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆஸ்பத்திரியில் இருப்பவளை எதற்குத் தொந்தரவு செய்வது, பெரிய திரையில் பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தான். நினைத்தது நல்ல எண்ணத்தோடுதான். அந்த நல்ல எண்ணம்தான் குடியைக் கெடுத்தது.

திரையிடல் பத்து நாள் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்துச் சின்ன ஹாலில் நடந்தது. அதுவரை செம்மொழியால் அம்மாவை விட்டு வர முடியவில்லை. வீட்டார் எல்லாரையும் அழைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு கேம் ஸ்டூடியோவின் சார்பில் நஃபீசா என்பவர் ஆளெடுக்க வந்திருந்தார். பொன்னுத்தாய் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகளுடன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சூர்யபிரகாஷ் பின்னால் சுவரோரம் நின்று அவர்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருதையன் திரையில் வந்ததும் பொன்னுத்தாய் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் திறந்திருந்த அந்த முகத்தைப் பார்த்து அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. பெரிய வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார். மருதையன் நிமிர்ந்தார். தோளிலிருந்து துண்டை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு என் முறைங்க," என்றார். வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. ஹால் முழுக்கக் கைதட்டல். பொன்னுத்தாய் கண்ணாடியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

வெளியே காபி கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அவன் சிரித்த முகத்தோடு அவர்களிடம் போனான். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று அவனே கேட்டான்.

"மொகம் அப்படியே இருக்கு தம்பி," என்றார் பொன்னுத்தாய். "ஆனா அவரு துண்ட எடுக்க மாட்டாருங்க."

அவனுக்குப் புரியவில்லை.

"யாரு முன்னாடியும் எடுத்ததில்ல. நெலம் வாங்குறதுக்கு முன்னயே எடுக்கல. அதுக்காக ரெண்டு வருஷம் யாரும் வேலைக்குக் கூப்புடாம இருந்தாங்க. அப்பவும் எடுக்கல." கோபமாகச் சொல்லவில்லை. ஊர்பேர் தப்பாகச் சொன்னவரைத் திருத்துவது போலச் சொன்னார்.

செம்மொழி அவனை நேராகப் பார்த்தாள். "காட்டாம அனுப்ப மாட்டேன்னு சொன்னீங்க."

"நீ ஆஸ்பத்திரில இருந்தியேன்னுதான்..."

"ஒரு நிமிஷ வீடியோ. போன்ல அனுப்பியிருந்தா பாத்திருப்பேன்."

அந்தச் சமயம் பார்த்து நஃபீசா அங்கே வந்தார். இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். வெளிச்சம் அருமை என்றார். "ஆனா அந்தத் துண்டை எடுக்கிறார் பாருங்க, அதுதான் காட்சியே. அவ்வளவு பணிவா இருக்கிறவர் தண்ணிய விட்டுக்குடுக்கல. யாரோட ஐடியா அது? எங்க கேமுக்கு முன்னோட்டமா வர்ற டெமோல இதையே வைக்கலாம்னு நினைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் சென்னை வரணும்."

இப்போது யோசித்தால், எல்லாம் அந்த இடத்தில்தான் இருந்தது. ஷாட்டைத் தப்பாகச் செய்ததைக்கூட மன்னித்துவிடலாம், தெரியாமல் செய்தது. ஆனால் நஃபீசா கேட்டபோது அவனுக்குத் தெரியும். பொன்னுத்தாய் சொல்லி அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மேடம், அதில் ஒரு தப்பு இருக்கிறது, நாலு நாள் கொடுங்கள், திருத்தித் தருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் போதும். செம்மொழி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடதுதான் மேடம். தேங்க்ஸ்," என்றான்.

செம்மொழி காபி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். காட்சியிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி நஃபீசாவுக்கு அவளே எழுதினாள். காட்சியையே எடுக்கச் சொல்ல அவளுக்கு வழியில்லை. படிப்பில் சேர்ந்த அன்று இரண்டு பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில், மாணவர் வேலையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று இருந்தது. படிப்பில் மிச்சமிருந்த நாட்களில் அவள் ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாள்.

அவன் சென்னைக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு காலை, அறுப்பு மெஷின் எப்போது வரும் என்று சொல்ல, அவர்கள் வயலில் வேலை பார்க்கும் வீரையன் வீட்டுக்கு வந்தார். எழுபது வயது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கக் கூட்டிப்போனவர். வாசலில் காலடி வைத்ததும் அவர் கை தோளுக்குப் போயிற்று. துண்டு கக்கத்துக்கு வந்தது. மதிவாணன் பேப்பரிலிருந்து நிமிரக்கூட இல்லை. வீரையன் நின்றபடி பேசி முடித்து, படியிறங்கி, தெருவுக்குப் போன பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

சூர்யபிரகாஷ் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். அன்றைக்குத்தான் பார்த்தான். எட்டு மாதம் பார்க்கக் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மாடிக்குப் போய், செம்மொழி அனுப்பிய நாற்பது விநாடி வீடியோவை முதல்முறையாகக் கடைசிவரை ஓட்டினான். அவள் மண்வெட்டிக் காம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். கை அசையவில்லை. கடைசியில் சிரித்துவிட்டுக் கேமராவைப் பார்த்து, "இவ்வளவுதான் சூர்யா, அவரு ஒண்ணுமே பண்ண மாட்டாரு. துண்டு தோள்லயே கெடக்கட்டும்," என்றாள்.

வேலைக்குப் போகாமல் இருந்தானா என்றால், போனான். போய் இரண்டு மாதம் கழித்துத் தைரியம் வந்து, அந்த ஷாட்டை மாற்றலாமா என்று நஃபீசாவிடம் கேட்டான். எல்லாம் முடிந்துவிட்டது, டெமோ அடுத்த வாரம் வெளியாகிறது, அதுவும் எல்லாருக்கும் பிடித்த இடத்தைப் போய் ஏன் மாற்ற வேண்டும் என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவன்தான் அதைத் தன் யோசனை என்று சொல்லி நன்றியும் சொன்னவன்.

டெமோ வெளியாயிற்று. முதல் வாரத்திலேயே நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். துண்டு எடுக்கும் இரண்டு விநாடியை மட்டும் வெட்டி, பின்னால் பாட்டுப் போட்டு, ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். 'மண்ணின் பண்பாடு' என்று ஒருவர் எழுதினார். 'இந்த மரியாதையெல்லாம் இப்போது எங்கே?' என்று இன்னொருவர் ஏங்கினார். இரண்டு வருஷம் பட்டினி கிடந்தும் யார் முன்னாலும் துண்டை எடுக்காத மனிதர், செத்த பிறகு, முகம் தெரியாத நாலு லட்சம் பேர் முன்னால் நாள் முழுக்கத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எடுக்கவைத்தவன் சூர்யபிரகாஷ். அந்தக் கருத்துகளை அவன் ஒன்றுவிடாமல் படித்தான். செம்மொழிக்கு மூன்று முறை செய்தி அனுப்பினான். அவள் புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக ஜெக்கரியா மூலம் தெரிந்தது. அவளிடமிருந்து பதில் வரவில்லை. வரும் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை.

பொங்கலுக்கு ஊர் வந்தபோது விடுப்பை நீட்டிக்கொண்டு அந்த ஷாட்டைத் திருத்த உட்கார்ந்தான். அவளுடைய வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டு, பதினோரு நாள். சும்மா நிற்கும் மனிதனை உயிரோடு நிற்கவைப்பது போலக் கஷ்டமான வேலையை அவன் அதுவரை செய்ததில்லை. குதிகாலில் எடை எப்படி இறங்கியிருக்கிறது, காம்பின்மேல் விரல்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன, மூச்சு எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்துச் செய்தான். பதினோராம் நாள் மருதையன் துண்டைத் தோளில் போட்டபடி நின்றார். செத்தவர் மாதிரி தெரியவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனான். சம்பா அறுவடை முடிந்த சமயம். பொன்னுத்தாய் வீட்டுக்கு எதிரே தார்ச்சாலையில் நெல்லைக் காயப்போட்டு, காலால் துழாவிக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும், "வாங்க தம்பி," என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை. செய்ததையெல்லாம் சொன்னான். தப்புதாம்மா என்றான். திருத்திக் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள் என்று லேப்டாப்பை நாற்காலிமேல் வைத்து, வெயில் படாமல் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு ஓடவிட்டான்.

பொன்னுத்தாய் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரையின் ஓரத்தை லேசாகத் தொட்டார்.

"ஆமா," என்றார். "இப்படித்தான் நிப்பாரு."

அவன் லேப்டாப்பை மூடப்போனதும் அவர் கேட்டார்.

"இனிமே இதத்தான் எல்லாரும் பாப்பாங்களா?"

"இல்லம்மா," என்றான். "அவங்க மாத்த மாட்டாங்க. வெளியில ஓடுறது அதேதான். இது நானா செஞ்சது. உங்களுக்காக."

பொன்னுத்தாய் அவனை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எனக்கெதுக்குத் தம்பி?" என்றார். "அவரு எப்படி நின்னாருன்னு எனக்குத் தெரியுமே."

சொல்லிவிட்டு நெல்லுக்குள் இறங்கி, விட்ட இடத்திலிருந்து துழாவத் தொடங்கினார்.